2016 பொலிரோ பிக்கப், 4.60 லட்சம் சொல்கிறார்கள். வாங்கலாமா?

முருங்கைக்காட்டான் | திங்கள், இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஒட்டன்சத்திரம் பக்கம். நாலு ஏக்கர் முருங்கை, மிச்ச நிலத்தில் தக்காளியும் கத்தரியும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். விடியற்காலை சந்தைக்குக் காய் போய்ச் சேரவேண்டும். இதுவரை வாடகை வண்டிதான். 14 கிலோமீட்டர் தூரம், நடைக்கு 700 ரூபாய்.

இப்போது சொந்தமாக ஒரு வண்டி எடுக்கலாம் என்று இருக்கிறேன். புதிதாக எடுக்கக் கட்டுப்படியாகாது. புரோக்கர் ஒருவர் மகிந்திரா பொலிரோ பிக்கப் ஒன்று காட்டினார். 2016 மாடல், டிஎன் 65 பதிவு, இரண்டாவது ஓனர், 68,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. புதுப் பெயிண்ட், எஃப்சி (தகுதிச் சான்று) கரண்டில் இருக்கிறது. 4.60 லட்சம் சொல்கிறார், 4.40க்கு வருவார் போலத் தெரிகிறது. நாளை மறுநாளுக்குள் அட்வான்ஸ் போடாவிட்டால் வேறு பார்ட்டிக்குப் போய்விடும் என்கிறார்.

எனக்கு டிராக்டர் தெரியும், இந்த மாதிரி வண்டி தெரியாது. என்னென்ன பார்க்கவேண்டும்? விலை சரியா?


மஞ்சபோர்டு | திங்கள், இரவு 9.32

வேறு பார்ட்டி என்பவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். இருபது வருடமாக நானும் அவரைத் தேடுகிறேன், நேரில் பார்த்ததே இல்லை. அவசரப்படாதீர்கள் தம்பி.


டீசல் பட்டறை | திங்கள், இரவு 10.15

தம்பி, விலையை அப்புறம் பேசலாம். முதலில் ஒரு கேள்வி: அந்த வண்டி இதுவரை என்ன ஏற்றியது?

டிஎன் 65 என்றால் ராமநாதபுரம். அந்தப் பக்கத்து வண்டி எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மீன் லோடு அடித்த வண்டியாக இருந்தால் கிட்டப் போகாதீர்கள். ஐஸ் உருகி, மீன் தண்ணீர் தளத்துத் தகடு வழியாகச் சொட்டிச் சொட்டி சேஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில் இறங்கும். அது உப்புத் தண்ணீர். வெளியே பார்த்தால் பளபள, உள்ளே சேஸ் குழாய் அரித்துப்போயிருக்கும். "புதுப் பெயிண்ட்" என்று நீங்கள் சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் உறுத்துகிறது. கேபினுக்கு மட்டும் அடித்திருந்தால் சரி. சேஸுக்கும் கறுப்பு அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

அப்புறம் அந்த 68,000. ஒன்பது வருடம் ஓடிய மஞ்சள் போர்டு வண்டி. வருடத்துக்கு ஏழாயிரத்து ஐந்நூறு, நாளைக்கு இருபது கிலோமீட்டர். வாடகைக்கு விட்ட எந்த வண்டி நாளைக்கு இருபது கிலோமீட்டர் ஓடும்? வண்டிக் கடன் டியூ கட்டவே பத்தாது. கிளட்ச் பெடல் ரப்பரைப் பாருங்கள். வழவழவென்று தேய்ந்து இரும்பு தெரிந்தால், மீட்டர் என்ன சொன்னாலும் வண்டி இரண்டு லட்சம் ஓடியிருக்கிறது. ரப்பர் மட்டும் புதிதாக இருந்தால் இன்னும் மோசம், யாரோ யோசித்து மாற்றியிருக்கிறார்கள்.


முருங்கைக்காட்டான் | செவ்வாய், காலை 5.05

சந்தையிலிருந்து எழுதுகிறேன். என்ன லோடு என்று கேட்டேன் அண்ணா. "எல்லா லோடும்தான்" என்கிறார்.


டீசல் பட்டறை | செவ்வாய், காலை 7.20

அப்படிச் சொன்னால் சொல்லக்கூடாத லோடு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.


கணக்கு வாத்தியார் | செவ்வாய், காலை 10.48

எல்லாரும் வண்டியைப் பார்க்கிறீர்கள். நான் கணக்கு நோட்டைப் பார்க்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

நடைக்கு 700. மாதம் 24 நாள், காய் வரும் மாதம் ஏழு என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 1,17,600 ரூபாய் வாடகை.

இப்போது சொந்த வண்டிக்கு வருவோம். சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே 2022 கட்டணப்படி 16,049 ரூபாய், ஜிஎஸ்டி தனி. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கிற நாலு சக்கரச் சரக்கு வண்டிக்கெல்லாம் இதே தொகைதான், குட்டி யானையானாலும் பொலிரோவானாலும். வண்டிக்கும் சேர்த்துப் போட்டால் 25,000 வரும். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்சி வருடா வருடம். அதற்கு முன் டிங்கரிங், பெயிண்ட், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் என்று எப்படியும் 13,000. டயருக்கு வருடத்துக்கு 15,000 ஒதுக்குங்கள். ஆயில், ஃபில்டர், சில்லறை வேலை 15,000. போக வர 28 கிலோமீட்டர், லிட்டருக்கு 12 கொடுத்தால் நாளைக்கு டீசல் 215 ரூபாய், 168 நாளுக்கு 36,000. நாலரை லட்சத்துக்கு நூற்றுக்கு பத்து வட்டி என்றாலும் 45,000.

கூட்டிப் பாருங்கள், 1,49,000. வண்டி விலை இறங்குவதை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. ஓட்டும் உங்களுக்குக் கூலியும் போடவில்லை.

வாடகை வண்டிதான் லாபம். மீறி வாங்கினால் ஆசைக்கு வாங்குகிறீர்கள் என்று தெரிந்து வாங்குங்கள்.


முருங்கைக்காட்டான் | செவ்வாய், மதியம் 1.30

வாத்தியார் ஐயா, கணக்கு சரிதான். ஆனால் ஒன்று விட்டுப்போச்சு. வாடகை வண்டி மூன்று தோட்டத்தில் ஏற்றிவிட்டுத்தான் என் தோட்டத்துக்கு வரும். சந்தையில் கேரளாவுக்கு எடுக்கும் வியாபாரிகள் முதல் சுற்றிலேயே வேண்டியதை வாங்கிவிடுவார்கள். ஒரு மணி நேரம் தாமதமானால் முருங்கைக்குக் கிலோவுக்கு மூன்று நாலு ரூபாய் போய்விடும். சீசனில் 400 கிலோ கொண்டுபோகிற நாளில் அதுவே இரண்டு வாடகை. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இரண்டு பேர், வண்டி வாங்கினால் எங்கள் காயையும் ஏற்று, ஆளுக்கு 250 தருகிறோம் என்கிறார்கள்.


கணக்கு வாத்தியார் | செவ்வாய், மதியம் 1.52

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். அந்த 500 ரூபாய் வருடத்துக்கு 84,000. இப்போது கணக்கு நிற்கிறது. ஆனால் அவர்கள் "தருகிறோம்" என்றதை எழுதாதீர்கள், முதல் மாதம் தந்ததை எழுதுங்கள்.


கல்லட்டி ஓட்டுநர் | செவ்வாய், மாலை 6.40

நான் பதினோரு வருடம் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு கேரட், உருளை இறக்கியவன். மசினகுடி போகும் கல்லட்டி பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. அங்கே இரண்டாவது கியரில் பிரேக்கைத் தொடாமல் இறங்கத் தெரிந்தால்தான் டிரைவர்.

தம்பி, 14 கிலோமீட்டர் சமவெளிக்கு பொலிரோ எதற்கு? 2523 சிசி இன்ஜின், இழுவை பிரமாதம், மலைக்கு அதை அடிக்க ஆள் இல்லை. ஆனால் உங்களுக்கு மலை இல்லையே. அசோக் லேலண்ட் தோஸ்த் பாருங்கள். ஓசூர் வண்டி, 2011இல் வந்தது. ஆரம்பத்தில் நிசானோடு கூட்டு, 2016இல் நிசான் விலகிவிட்டது. மூன்று சிலிண்டர், 1478 சிசி. ஒன்றேகால் டன் தாங்கும், டீசல் மிச்சம். பழைய மார்க்கெட்டில் அதே வருடத்து பொலிரோவைவிட எப்போதும் விலை குறைவாகக் கிடைக்கும்.


மஞ்சபோர்டு | செவ்வாய், மாலை 6.55

ஏன், குட்டி யானை ஆகாதா? 2005இல் டாடா ஏஸ் வந்த பிறகுதான் மாட்டு வண்டிக்காரர் எல்லாம் ஓனர் ஆனார்கள்.


கல்லட்டி ஓட்டுநர் | செவ்வாய், இரவு 7.10

ஆகும். பழைய ஏஸ் 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். முக்கால் டன் வரை கவலையில்லை. ஆனால் இவர் 400 கிலோ, பக்கத்துக்காரர்கள் ஆளுக்கு 300 கிலோ. ஒரு டன். தினமும் யானையை முட்டிபோட வைக்கவேண்டாம்.


வைகைக்கரை | செவ்வாய், இரவு 8.20

நடுவில் ஒரு சந்தேகம். என்னிடம் கார் லைசன்ஸ்தான் இருக்கிறது. பிக்கப் ஓட்ட பேட்ஜ் வேண்டுமா? வெள்ளை போர்டில் பிக்கப் கிடைக்காதா?


பழைய ஓனர் | செவ்வாய், இரவு 8.45

கார் ஓட்டும் எல்எம்வி (இலகு ரக வண்டி) லைசன்ஸே போதும். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை ஓட்டத் தனி அனுமதி வேண்டாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. காப்பீட்டு நிறுவனங்கள் விடாமல் மேலே கொண்டுபோனார்கள். 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்துவிட்டது. வெள்ளை போர்டு என்றால் இசுசு வி-கிராஸ் மாதிரி நாலு கதவு வண்டிதான். அது சவாரிக்கு, சந்தைக்கு அல்ல.

லைசன்ஸ் சுலபம். ஆர்சி புத்தகம்தான் ஆளைக் கொல்லும். என் கதையைக் கேளுங்கள்.

2019இல் என் பழைய வண்டியை ஒரு புரோக்கர் மூலம் விற்றேன். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, வாங்குபவர் பெயர் எழுதாமல் கொடுத்துவிட்டேன். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். அந்தக் காலி ஃபார்மோடு வண்டி மூன்று கை மாறியிருக்கிறது, ஒருவரும் பெயர் மாற்றவில்லை. ஒன்றரை வருடம் கழித்து ஒரு விபத்து. காப்பீடு முடிந்துபோன வண்டி. கோர்ட்டு நோட்டீஸ் என் வீட்டுக்கு வந்தது. ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி ஓனர் என்று 2018லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்று வக்கீல் எடுத்துக் காட்டினார். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இன்னும் வாய்தாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

இது விற்பவன் கதைதானே என்று நினைக்காதீர்கள் தம்பி. அதே சங்கிலியில் நடுவில் நீங்களும் நிற்கப் போகிறீர்கள். ஆர்சியில் பெயர் உள்ளவரை நேரில் பாருங்கள், புரோக்கர் வீட்டுத் திண்ணையில் வேண்டாம், அந்த ஆள் வீட்டில். ஃபார்மில் உங்கள் பெயரை எழுதிய பிறகு அவர் கையெழுத்துப் போடட்டும். வாங்கிய முப்பது நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்கவேண்டும். காப்பீட்டுக்குப் பதினாலு நாள்தான். காப்பீட்டில் இழப்பீடு கேட்காதவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி, அவருடைய நோ கிளைம் போனஸ், உங்களுக்கு வராது, அது ஆளோடு போவது, வண்டியோடு வருவதில்லை. புரோக்கர் "இன்ஷூரன்ஸ் 50 சதவீத போனஸோடு இருக்கு" என்று சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.


மஞ்சபோர்டு | செவ்வாய், இரவு 9.30

எச்பி, அதாவது ஆர்சியில் ஏறியிருக்கும் கடன் பதிவு, அதை விட்டுவிட்டீர்கள் அண்ணா. டியூ முடிந்துவிட்டது என்று வாயால் சொல்வார்கள். ஆர்சியில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் முடியவில்லை என்றுதான் அர்த்தம். ஃபைனான்ஸில் இருந்து என்ஓசியும் (தடையில்லாச் சான்று), கடன் பதிவை நீக்கும் ஃபார்ம் 35ம் கைக்கு வந்தால்தான் மிச்சப் பணம். எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பர் போட்டால் எஃப்சி, காப்பீடு, ஃபைனான்ஸ் எல்லாம் தெரியும். பாக்கி அபராதத்தை இ-சலான் பக்கத்தில் பாருங்கள். என் மச்சான் வாங்கிய வண்டிக்கு பதினேழு சலான், வண்டியோடு சீர்வரிசை மாதிரி வந்தது.


டீசல் பட்டறை | செவ்வாய், இரவு 10.40

காகிதம் பேசியாச்சு. இப்போது இன்ஜின். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், நாளைக்குப் பட்டறை லீவு.

காலை ஆறு மணிக்குப் போங்கள். போகிறேன் என்று முன்கூட்டிச் சொன்னால், "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்றும் சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து ரேடியேட்டரில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னால் ஒருமுறை எழுப்பிவிட்டார்கள். எதையோ மறைக்கிறார்கள். டீசல் வண்டியின் நோய் எல்லாம் ராத்திரி முழுக்கத் தூங்கி எழும் அந்த முதல் ஸ்டார்ட்டில்தான் தெரியும். சூடான இன்ஜினில் எல்லா வண்டியும் நல்ல வண்டி.

முதல் ஸ்டார்ட்டில் கொஞ்சம் வெள்ளையாக வந்து ஒரு நிமிடத்தில் நின்றால் தப்பில்லை. தொடர்ந்து வெள்ளையாக வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைகிறது என்றால் இன்ஜின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. ஆயில் மூடியைத் திருப்பிப் பாருங்கள், அடியில் பால் காப்பி நிறத்தில் ஒட்டியிருந்தால் தண்ணீரும் ஆயிலும் கலந்திருக்கிறது, வந்த வழியே திரும்புங்கள். கறுப்புப் புகை என்றால் ஏர் ஃபில்டர் அடைப்பு, டீசல் தெளிக்கும் நாசிலில் வேலை, சமாளிக்கலாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, சிலிண்டரைக் கடையும் போர் வேலை வைக்கும். நாற்பதாயிரத்துக்குக் குறையாது.

அடுத்தது பேக் கம்ப்ரெஷன், சிலிண்டர் காற்று கீழே கசிகிறதா என்று பார்ப்பது. இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைக் கழற்றி, அந்த ஓட்டை மேல் லேசாக வையுங்கள். மூடி மெல்ல ஆடினால் சரி. குதித்து விழுந்தால், குபுகுபுவென்று மூச்சு அடித்தால், பிஸ்டன் ரிங் போய்விட்டது. விற்கும் முன் கெட்டி ஆயில் ஊற்றிப் புகையை மறைப்பது பழைய வித்தை. புகையை மறைக்கலாம், இந்த மூச்சை மறைக்க முடியாது.

பிறகு ஒரு கோணியை விரித்து வண்டிக்கு அடியில் படுங்கள். வெட்கப்படவேண்டாம், ஐந்து லட்சம் கொடுக்கிறீர்கள். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளை எண்ணுங்கள். இடம் வலம் ஒரே எண்ணிக்கையா? கம்பெனி கொடுத்ததைவிட இரண்டு பட்டை கூட இருந்தால், இரண்டு டன் ஏற்றின வண்டி. பட்டையை மாட்டும் பிராக்கெட் சேஸோடு சேரும் இடத்தில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அதிக லோடு தாங்காமல் அந்த இடம்தான் முதலில் விரியும். ஒரு சாவியால் சேஸ் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீர் என்னும், அரித்த இரும்பு பொத்தென்னும்.

சேஸ் நம்பர் மேல் ஒரு காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள், எஃப்சிக்கு எடுப்பார்களே அப்படி. ஆர்சியோடு ஒத்துப் பாருங்கள். எழுத்துகள் ஒரே ஆழமாக, ஒரே வரிசையில் இருக்கவேண்டும்.

ஓட்டிப் பார்க்கும்போது பாட்டை அணையுங்கள். மேட்டில் மூன்றாவது கியரில் அழுத்துங்கள். இன்ஜின் கத்தி வண்டி போகாவிட்டால் கிளட்ச் பிளேட் முடிந்தது. நாற்பதில் ஆக்சிலேட்டரை விட்டு விட்டு அழுத்துங்கள், பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வந்தால் பின் ஆக்சிலின் கிரவுன் பல்சக்கரம் போய்விட்டது. முன் டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மெண்ட் என்பார்கள். அது அலைன்மெண்டாகவும் இருக்கலாம், எங்கோ மோதி சேஸ் கோணியதாகவும் இருக்கலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகு உங்கள் ஊர் மெக்கானிக் ஒருவருக்கு ஆயிரத்து ஐந்நூறு கொடுத்துக் கூட்டிப்போங்கள். புரோக்கர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம்.


வைகைக்கரை | புதன், காலை 8.05

புதுப் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த பிஎஸ்6 வண்டி வாங்கக் கூடாது, சென்சார் தொல்லை என்கிறார்களே? பிஎஸ்3தான் அடித்து ஓட்டலாம் என்று எங்கள் ஊரில் பேச்சு.


டீசல் பட்டறை | புதன், காலை 9.15

பேச்சு பாதி சரி. 2017 ஏப்ரல் 1க்குப் பிறகு நாடு முழுக்க பிஎஸ்4, 2020 ஏப்ரல் 1க்குப் பிறகு பிஎஸ்6. புது வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைத்து எரிக்கும் வடிகட்டி இருக்கிறது. நீண்ட தூரம் சூடாக ஓடினால்தான் அது எரிந்து சுத்தமாகும். இந்தத் தம்பி மாதிரி தினம் 14 கிலோமீட்டர் போய் நிறுத்துபவருக்கு அடைத்துக்கொள்ளும். அதனால் இவருக்கு நான் பிஎஸ்4 சொல்வேன். தினம் சென்னை போய் வருபவர் கேட்டால் பிஎஸ்6 எடு என்பேன். எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது.


முருங்கைக்காட்டான் | வியாழன், இரவு 8.30

பார்த்துவிட்டு வந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஆறு மணிக்குப் போனேன், பட்டறை அண்ணன் சொன்ன மாதிரி ரேடியேட்டரில் கை வைத்தேன். சுட்டது. "லேசா நகர்த்தி வச்சோம்" என்றார்கள். கிளட்ச் ரப்பர் புத்தம் புதுசு. மீட்டர் 68,000, ஆனால் ஓட்டுநர் இருக்கை பள்ளமாகி ஸ்பிரிங் குத்துகிறது. அடியில் படுத்தேன், முழுக்கக் கறுப்புப் பெயிண்ட். சாவியால் தட்டிக்கொண்டே போனபோது பின் சக்கரத்துக்கு மேலே ஓர் இடத்தில் சத்தம் மாறியது. கொஞ்சம் சுரண்டினேன். பெயிண்டோடு பக்கு பக்காக உதிர்ந்தது, உள்ளே புட்டி வைத்து மூடியிருக்கிறார்கள். சேஸுக்குப் புட்டி! தளத்தின் ஓரத்தில் கொஞ்சம் முகர்ந்தும் பார்த்தேன். புரோக்கர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் பெயிண்ட் வாசனையைத் தாண்டி அது மீன்தான்.

திரும்பி வரும்போது புரோக்கர் 3.90 என்று இறங்கினார். ஊர் எல்லை வருவதற்குள் 3.60.


மஞ்சபோர்டு | வியாழன், இரவு 8.41

அந்த வேறு பார்ட்டி என்ன ஆனார்?


கல்லட்டி ஓட்டுநர் | வியாழன், இரவு 9.00

இரண்டு லட்சத்துக்கு வந்தாலும் வேண்டாம் தம்பி. சேஸ் போன வண்டியை எந்த விலைக்கு வாங்கினாலும் அதிக விலைதான்.


கோழிப்பண்ணை | வெள்ளி, காலை 11.20

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு வருகிறேன். நான் நாமக்கல் பக்கம். எனக்குத் தெரிந்த பண்ணைக்காரர் ஒருவர் தோஸ்த் ஒன்றைக் கொடுக்கப் போகிறார். 2018 மாடல், டிஎன் 28, முதல் ஓனர். மறைக்கவேண்டியதில்லை, 2,14,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முட்டை லோடு மட்டும்தான். 3.70 சொல்கிறார். புரோக்கர் கிடையாது, எனக்குக் கமிஷனும் கிடையாது.


முருங்கைக்காட்டான் | வெள்ளி, மதியம் 12.05

இரண்டு லட்சத்துக்கு மேல் ஓடிய வண்டியா? அப்பா கேட்டாலே எழுந்து போய்விடுவார்.


டீசல் பட்டறை | வெள்ளி, மதியம் 1.15

தம்பி, நான் இருந்தால் இன்றைக்கே பஸ் ஏறுவேன்.

முட்டை வண்டி டிரைவர் எப்படி ஓட்டுவான் என்று நினைத்துப் பாருங்கள். பள்ளத்தைப் பார்த்தால் நூறடிக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைப்பான். சடன் பிரேக் போடமாட்டான். ஒரு அட்டை உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். லோடு அடைசலாகத் தெரியும், எடை அளவோடுதான் இருக்கும். நெடுஞ்சாலையில் நாலாவது ஐந்தாவது கியரில் ஓடிய கிலோமீட்டர், இன்ஜினுக்கு அது நடைப்பயிற்சி. எம்-சாண்ட் அடித்த 60,000 கிலோமீட்டர் வண்டியையும், முட்டை அடித்த 2,14,000 கிலோமீட்டர் வண்டியையும் என் பட்டறையில் நிறுத்தினால், நான் முட்டை வண்டியைத்தான் எடுப்பேன். மூடி மட்டும் திறந்து மூச்சைப் பார்த்துவிடுங்கள். சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பர் சொன்னால் பழைய வேலைகளின் கணக்கு எடுத்துத் தருவார்கள், ஓனரையே கேட்கச் சொல்லுங்கள்.


கணக்கு வாத்தியார் | வெள்ளி, மதியம் 2.30

கடன் வாங்குவதாக இருந்தால் ஒன்று. பழைய வண்டிக்கு "ஒன்பது சதவீதம்தான்" என்பார்கள், அது ஃபிளாட் வட்டி. மூன்று லட்சத்துக்கு மூன்று வருடம் என்றால் 81,000 வட்டி, மாதம் 10,583. நீங்கள் மாதா மாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி மட்டும் முழு மூன்று லட்சத்துக்கே ஓடும். உண்மை வட்டி பதினாறு சதவீதத்துக்கு மேல். நகைக்கடன் இதைவிட மேல்.


முருங்கைக்காட்டான் | ஞாயிறு, இரவு 7.50

நாமக்கல் போய் வந்தோம். அப்பாவும், எங்கள் ஊர் டிராக்டர் மெக்கானிக் அண்ணனும் கூட. வண்டி வெளியே அழுக்கு, முன் பம்பரில் ஒரு நெளிசல், கதவில் பண்ணை பெயர் பாதி அழிந்திருக்கிறது. ரேடியேட்டர் ஜில்லென்று இருந்தது. ஒரே அடியில் எடுத்தது. ஆயில் மூடியை வைத்தேன், மெல்ல ஆடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தது. மெக்கானிக் அண்ணன் அடியில் போய் வந்து, "பட்டையில் கை வைக்கவே இல்லை" என்றார். கிளட்ச் மேட்டில் கொஞ்சம் நழுவியது. பின் டயர் இரண்டும் வழுக்கை. ஓனரே அதைச் சொன்னார், நாங்கள் கேட்கும் முன்பே. சர்வீஸ் கணக்கும் கிலோமீட்டரும் ஒத்துப்போகிறது. எஃப்சி அடுத்த வருடம் வரை இருக்கிறது, எச்பி போன வருடமே கேன்சல் ஆகிவிட்டது.

3.70 சொன்னவர் கிளட்சுக்கும் டயருக்கும் விட்டு 3.42க்கு முடித்தார். அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஃபார்ம் 29, 30 இரண்டிலும் என் பெயரை நானே எழுதிய பிறகுதான் அவர் கையெழுத்துப் போட்டார். "இப்படிக் கேட்கும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்" என்று காப்பி கொடுத்தார். ஆளுக்கு அரை அட்டை முட்டையும் கொடுத்து அனுப்பினார். பழைய ஓனர் அண்ணனுக்கு நன்றி.


பழைய ஓனர் | ஞாயிறு, இரவு 8.10

நல்லது தம்பி. விற்ற தேதி, நேரம் போட்டு ஒரு டெலிவரி ரசீது இருவரும் எழுதிக்கொண்டீர்களா? இல்லையென்றால் நாளைக்கே எழுதுங்கள். நேரம் முக்கியம், மணி நிமிடத்தோடு.


முருங்கைக்காட்டான் | ஞாயிறு, இரவு 8.25

எழுதியாச்சு அண்ணா. மதியம் 12.40.

சித்தப்பா ஒருவர் வந்து பார்த்துவிட்டு, பின்னால் இரண்டு பட்டை சேர்த்துப் போட்டால் இரண்டு டன் அடிக்கலாம், பக்கத்து ஊர்க் காயையும் எடுக்கலாம் என்கிறார். பட்டறை அண்ணா?


டீசல் பட்டறை | ஞாயிறு, இரவு 9.05

உங்கள் சித்தப்பாவிடம் அந்த பொலிரோவின் நம்பரைக் கொடுங்கள்.

பட்டையைக் கூட்டலாம், சேஸ், பிரேக், ஆக்சில் எல்லாம் அதே ஒன்றேகால் டன்னுக்குச் செய்ததுதான். பிடிபட்டால் சட்டத்தில் அதிக பாரத்துக்கு 20,000, அதற்கு மேல் கூடுதல் டன்னுக்கு 2,000 என்று இருக்கிறது. ஆனால் அபராதத்துக்காகச் சொல்லவில்லை. இரண்டு டன்னோடு ஒரு பள்ளி வாசலில் பிரேக் மிதிக்கும்போது தெரியும்.


மஞ்சபோர்டு | ஞாயிறு, இரவு 9.20

நான் பட்டை சேர்த்து ஒன்பது வருடம் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. எல்லா வண்டியும் கொஞ்சம் கூடத்தான் ஏற்றுகிறது, பேசினால் எல்லாரும் யோக்கியர்.


கல்லட்டி ஓட்டுநர் | ஞாயிறு, இரவு 9.34

நீங்கள் விற்ற பிறகு அதை வாங்கியவரிடம் கேட்டீர்களா, ஒன்றும் ஆகவில்லையா என்று?


மஞ்சபோர்டு | ஞாயிறு, இரவு 9.50

அது... கேட்கவில்லை.

தம்பி, சித்தப்பா சொல்வதைக் கேட்காதீர்கள். இன்னொன்று. ஆடிக் கிருத்திகைக்குப் பழனிக்குப் போகலாம் என்று சொந்தக்காரர்கள் பின்னால் ஏற வருவார்கள். சரக்கு வண்டியில் சும்மா ஏறிய ஆட்களுக்குக் காப்பீடு கிடையாது. பஸ்ஸுக்குக் காசு கொடுத்து அனுப்புங்கள்.


முருங்கைக்காட்டான் | அடுத்த புதன், காலை 6.15

முதல் நடை போய் வந்தாச்சு. அம்மா நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். சந்தையில் முதல் சுற்றுக்கே நின்றேன், கிலோவுக்கு மூன்று ரூபாய் கூடக் கிடைத்தது. கிளட்ச் மாற்ற அடுத்த வாரம் விடுகிறேன், பெயர் மாற்றத்துக்கு ஆன்லைனில் பணம் கட்டியாச்சு. வண்டிக்குள் இன்னும் கோழித் தீவன வாசனை போகவில்லை.

வாத்தியார் ஐயா, ஒரு கணக்கு. திரும்பி வரும்போது காலியாக வருகிறேன். உரக்கடைக்காரர் தினம் பத்துப் பதினைந்து மூட்டை எங்கள் ஊருக்கு இறக்கச் சொல்கிறார். 50 கிலோ மூட்டைக்கு 12 ரூபாய் என்கிறார். கட்டுமா?


கணக்கு வாத்தியார் | அடுத்த புதன், காலை 7.40

காலியாக வந்தாலும் அதே டீசல்தானே, பாதிக்கு மேல் அதிலேயே வந்துவிடும். ஏற்றி இறக்குவது யார் என்று முதலில் கேளுங்கள். நீங்கள் என்றால் 15 கேளுங்கள். உர மூட்டை இறக்கியதும் தளத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், அதுவும் உப்புதான்.